அண்ணன் வரப்புப் புல்லும் சுட்டியின் பாலும்

என்றைக்கும் என் அண்ணாவுக்கு,

உங்கள் பேத்தி சாந்தி இன்று காலை களத்தில் தானாக எழுந்து நின்றாள். தத்தித் தத்தி நடந்து பொத்தென்று உட்கார்ந்தவள், விழுந்தது வேறு யாரோ என்பது போல எங்களைப் பார்த்துச் சிரித்தாள். இதை முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது. அவள் நடக்கும்போது கொலுசு வாங்கிப் போடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்குள் அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

எனக்கு உங்கள் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நான் படுகிறேன். உங்களிடம் படாமல் வேறு யாரிடம் படுவது?

என்னை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்தபோது சீர்த்தட்டோடு ஒரு பெட்டைக் குட்டியையும் கயிற்றில் பிடித்து வந்தீர்கள். என் வரப்புப் புல் என்றைக்கும் உன் ஆட்டுக்குத்தான் என்று பந்தலிலேயே சொன்னீர்கள். அதன் வழியில் வந்தவள்தான் இந்தச் சுட்டி. நம் ஊர் நல்லேப்பிள்ளியில் பிறந்த வீட்டு வரப்பில் அரிவாளோடு இறங்குகிறவளை யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். எனக்கு அது நகையைவிடப் பெரிதாக இருந்தது.

அப்போது உங்கள் வயலுக்கு எருவும் தழையும்தான். அறுப்பு முடிந்தால் ஆட்டுக்கிடை போடுவீர்கள். வரப்பில் அருகும் கோரையும் பேர் தெரியாத பூண்டுகளுமாகக் கலந்து கிடக்கும். அதைத் தின்ற ஆட்டின் பால் கெட்டியாக இருக்கும், காய்ச்சினால் மேலே ஆடை படியும். பிறகு குட்டை நெல் வந்தது, யூரியா வந்தது, முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கிற டப்பா வந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை அண்ணா. ரேஷன் அரிசிக்கு நாம் வரிசையில் நின்றது எனக்கு மறக்குமா? மூட்டைகள் கூடியபோது உங்கள் முகத்தில் இருந்த தெளிவை நானும்தான் பார்த்தேன். வரப்பும் கருகருவென்று செழித்தது. அந்தப் புல்லுக்குச் சுட்டி பாலும் கூடத்தான் கறந்தாள். பால் தண்ணீராக இருந்தாலும் சொம்பு நிறைந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

உங்கள் மருமகளுக்குக் காய்ச்சல் வந்து தாய்ப்பால் நின்று, பசும்பாலும் சாந்திக்கு ஒத்துக்கொள்ளாமல் போனபோது, சுட்டியின் பால்தான் அவளுக்கு ஆகாரமானது. தினமும் காலையில் என் வீட்டுக்காரர் சொம்போடு வாய்க்கால் தாண்டுவார். நீங்கள் வாசலிலேயே காத்திருந்து வாங்கிக்கொள்வீர்கள்.

ஒரு நாள் நான் அறுத்து வந்தது, வயலுக்கு நீங்கள் மருந்தடித்த மறுநாள் புல். தின்ற சுட்டி இரை எடுக்காமல் நின்றாள், கழிந்தாள். பாலைக் காய்ச்சினேன், அடுப்படி முழுக்க மருந்து வாடை. தென்னை மூட்டில் கொட்டிவிட்டு, இனி அந்த வரப்புப் புல் வேண்டாம், அதைத் தின்ற ஆட்டின் பாலைப் பிள்ளைக்குத் தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நீங்கள் வந்தீர்கள். திண்ணென்று வாசலில் நின்றீர்கள், உட்காரவில்லை.

“ஏனம்மிணி, பொறந்த ஊட்டுப் புல்லு உனக்கு வெசமாப் போயிருச்சா?”

“உங்க பேத்தி குடிக்கற பாலுங்ண்ணா. நீங்களே மோந்து பாருங்க” என்று மிச்சமிருந்த பாத்திரத்தை நீட்டினேன்.

நீங்கள் மோந்து பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். சுட்டி தேறிய பிறகு வேலித்தழை போட்டுக் கறந்து அனுப்பிய பாலையும் திருப்பிவிட்டீர்கள். டப்பாப் பால்மாவு வாங்கினீர்கள். பிள்ளை வயிறு உப்பி அழுகிறாள் என்று கேள்விப்பட்டு நான் இங்கே உட்கார்ந்து அழுதேன். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், அதுவும் பிறந்த வீட்டுச் சீர்தான் போலிருக்கிறது.

உங்கள் வயல் கண்ணில் படக் கூடாதென்று சந்தைக்குப் போகும்போதும் ரோட்டு வழியாகச் சுற்றித்தான் போனேன். கார்த்திகையில் நெஞ்சுவலி என்று ஆள் வந்து சொன்ன அன்றுதான் வயல் வழியாக ஓடி வந்தேன். ஓடிய ஓட்டத்தில் வரப்பையா பார்த்தேன்? நீங்கள் கண் திறக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு நங்கை, உங்கள் வீட்டுக்காரிதான், என் கையைப் பிடித்து மேற்கு வரப்புக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே புல் இடுப்பளவு வளர்ந்து, பூத்து, பாதி காய்ந்து சாய்ந்து கிடந்தது. பக்கத்து வயல்கள் பச்சென்று இருக்க, அந்த வரப்பை ஒட்டிய வயல் மட்டும் வெளிறிப் போயிருந்தது.

“நீ கோவிச்சுட்டதுலருந்து இந்தப் பக்கம் யூரியாவும் போடல, மருந்தும் அடிக்கல அம்மிணி” என்றார்கள். “பண்ணையத்தாளு புல்லறுக்கப் போனதுக்குக்கூட ஒரே சத்தம். எந்தங்கச்சி வருவா, உட்றான்னாரு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே நங்கை.”

“சொல்றேன்னுதான் நானும் சொன்னேன். வேண்டாம், அந்த வழியாத்தான சந்தைக்குப் போவா, அவளே பாக்கட்டும்னுட்டாரு.”

அந்த வழியாகத்தான் நான் போகவே இல்லையே அண்ணா. தினமும் சாயங்காலம் அங்கே போய் நின்று பார்ப்பீர்களாமே. என்ன நினைத்தீர்கள் என்னைப் பற்றி? பார்த்தும் வராத கல்நெஞ்சுக்காரி என்றா?

அன்றைக்கே நங்கையிடம் அரிவாள் வாங்கி, அழுதுகொண்டே அறுத்தேன். இப்போது தினமும் அங்கேதான் அறுக்கிறேன். சுட்டி பழையபடி இரை எடுக்கிறாள். சொம்பு நிறையாது, ஆனால் ஆடை படிகிறது. சாந்திக்கு டப்பாப் பால் நின்றுவிட்டது. மற்ற வயல்களில் உங்கள் மகன் மருந்தடிக்கிறான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எல்லோரும் சாப்பிட வேண்டுமே. நெல்லும் வேண்டும், இந்தப் பாலும் வேண்டும். இரண்டுக்கும் வழி என்னவென்று உங்களைத்தான் கேட்டிருப்பேன்.

மேற்கு வரப்பை மட்டும் அவன் தொடமாட்டேன் என்று உங்கள் படத்துக்கு முன்னால் சொல்லியிருக்கிறான். நான் இருக்கும்வரை அங்கே ஒரு சொட்டு மருந்து விழாது. இனி எங்கே போவதானாலும் அந்த வழியாகத்தான் போவேன், அண்ணா.

கூப்பிடாமலே வந்திருக்க வேண்டிய
உங்கள் தங்கச்சி