திட்டுக் குதிரைக்காரரின் வாக்கு

கில்ரஷ்
5 நவம்பர் 1934

அன்புள்ள மாலகி மாமாவுக்கு,

ஃபின்டனுக்குக் கக்குவான் இருமல். ஆறு மாதப் பிள்ளை, இருமி இருமி நீலம் பாரித்துப் போகிறான். டாக்டரிடம் போக மாமியார் விடவில்லை. "கறுப்பு வெள்ளைத் திட்டுக் குதிரையில ஏறுறவர் வாயில என்ன வருதோ, அதுதான் கக்குவானுக்கு மருந்து. உன் மாமாகிட்ட அந்தக் குதிரை இருக்குல்ல, எழுதிக் கேளு" என்கிறார். கேட்டுவிட்டேன்.

உங்கள் டிம்ப்னா

கில்கீ
7 நவம்பர்

அடி டிம்ப்னா,

மேற்குக் கடற்கரையின் மகா வைத்தியனும் திட்டுக் குதிரையின் ஏக அதிபதியுமாகிய நான் எழுதுவது. போன வருஷம் நான் தும்மியதில் மூன்று ஊர்களில் இருமல் நின்றதை நீ அறிவாய். என் வாக்கு இதுதான்: உன் மாமியார் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி, தினமும் காலையில் வாத்துகளுக்கு முன்னால் பாட வேண்டும். வாத்துகள் அழுதால் நோய் ஓடிவிடும்!

மாலகி

கில்ரஷ்
12 நவம்பர்

மாமா,

கடிதத்தைப் பிரித்ததே மாமியார்தான். சொன்னபடியே செய்கிறார். கொட்டும் மழையிலும் நிறுத்தவில்லை. நேற்றிலிருந்து ஃபின்டன் பால் குடிக்கவில்லை. டாக்டர் என்று வாயெடுத்தால், "வாக்கு வந்தாச்சு. மீறினா புள்ள தங்காது" என்கிறார். என் கணவரும் அவர் பக்கம்தான். விளையாட்டாகத்தானே எழுதினீர்கள்?

டிம்ப்னா

கில்கீ
13 நவம்பர்

டிம்ப்னா,

இதை மாமியார் எதிரில் உரக்கப் படி. முந்தைய வாக்கு செல்லாது. அதை அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கை மென்றுகொண்டே எழுதினேன். முக்காலிக்காரன் வாக்கை வாத்துகூட மதிக்காது. இப்போது குதிரைமேல் சேணத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலுக்கு அதன் திமிரே காரணம். குதிரைக்காரன் வாக்கு இது: இந்த நிமிஷமே பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோங்கள். வண்டி பிடிக்க வேண்டியது மாமியார்.

மாலகி

கில்ரஷ்
19 நவம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

ஃபின்டன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதாம். இன்று கொஞ்சம் பால் இறங்கியது. இன்னும் சில நாள் போனால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். வண்டி பிடித்தது மாமியார்தான், அதே தொப்பியோடு.

குதிரையைப் போன மாதச் சந்தையிலேயே நீங்கள் விற்றுவிட்டதாகத் தபால்காரர் சொன்னார். மாமியாரிடம் நான் மூச்சு விடவில்லை.

உங்கள் எழுத்து எதனால் கோணலானது என்று எனக்குத் தெரியும், மாமா. வந்து அவனைப் பாருங்கள்.

டிம்ப்னா