படம் வரவில்லை

மார்ச் 3, திங்கள்

கிராபிக்ஸ் கார்டு வந்துவிட்டது. தையல் மெஷின் அறையில் அண்ணி எனக்கு ஒதுக்கியது அரை அலமாரி. அதற்குள் அடங்கவேண்டும் என்றே செருப்புப் பெட்டி அளவில் கேபினெட் வாங்கி, ஒவ்வொரு பாகமாக நானே சேர்த்த கம்ப்யூட்டர். அளந்துதான் வாங்கினேன், கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு.

சனிக்கிழமைக்குள் அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு மாதிரி வேலை போகவேண்டும். பிடித்துப்போனால் மாதச் சம்பளம். தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு இந்த வீட்டைவிட்டுப் போய்விடலாம்.

மார்ச் 4

ரேமைக் கழற்றி மாட்டினேன். திரையின் கேபிளை மாற்றினேன். கறுப்பு. கார்டைக் கழற்றிவிட்டுப் பார்க்கவும் வழியில்லை. கார்டுதான் வரப்போகிறதே என்று, தானாகப் படம் காட்டத் தெரியாத பிராசஸரை வாங்கித் தொலைத்திருக்கிறேன். என்னே என் புத்திசாலித்தனம்!

மார்ச் 5

சாப்பிடும்போது அண்ணி கேட்டார்: "என்னம்மா, பொருத்தம் பாக்காம வாங்கிட்டியா?"

கம்ப்யூட்டரைத்தான் சொன்னார். அண்ணன் சிரித்துவிட்டு, சட்டென்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவர் கேட்டதுகூடப் பரவாயில்லை, அவன் குனிந்துகொண்டதுதான் — பொருத்தம் பாத்துத்தானே என்னைக் கட்டிக் குடுத்தீங்க? எல்லாம் பொருந்துதுன்னு சொன்னீங்களே? ரெண்டே வருஷத்துல திரும்பி வந்து நிக்கிறேனே!

மார்ச் 6

கார்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தன் மெஷினில் மாட்டினார். உடனே பளிச்சென்று படம்.

"கார்டுல ஒரு குறையும் இல்லம்மா. உங்க பெட்டியிலதான் ஏதோ."

என் பெட்டியில்தான். எப்போதும் என்னிடம்தான்.

மார்ச் 7

ஸ்டுடியோ மேலாளர் போன் செய்தார். "நாளைக்குச் சாயங்காலம் வந்துருமா?" "வந்துரும் சார்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

மார்ச் 8

அனுப்பவில்லை.

மார்ச் 10

கண்டுபிடித்துவிட்டேன். பெட்டி சிறியது என்பதால் கார்டு மதர்போர்டில் நேராக உட்காராது. பக்கவாட்டில் படுக்கவைத்து, பட்டையான ஒரு கேபிளால் இணைக்கவேண்டும். கேபிள் பழைய தலைமுறை. புதுக் கார்டின் வேகத்தை அது தாங்கவில்லை. செட்டிங்கில் வேகத்தைக் குறைத்தால் போதும். ஆனால் குறைக்கத் திரை வேண்டும், திரை வரக் குறைத்திருக்கவேண்டும்! கடைக்காரரிடம் பழைய கார்டு ஒன்றை இரவல் வாங்கி மாட்டி, வேகத்தைக் குறைத்துவிட்டு, புதியதைப் போட்டேன்.

படம் வந்தது. அறையில் யாரும் இல்லை. கத்திச் சொல்லவேண்டும்போல இருந்தது. முதலில் மெயிலைத் திறந்தேன். 'வேறொருவரை எடுத்துக்கொண்டோம். வாழ்த்துகள்.'

எதற்கு வாழ்த்து?

மார்ச் 12

அண்ணன் தயங்கித் தயங்கி வந்தான். "எனக்குத் தெரிஞ்ச குடோன்ல பில் போட ஆள் கேக்கறாங்க. உனக்கு இஷ்டம்னா..."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 17, திங்கள்

குடோனில் முதல் நாள். எனக்குக் கொடுத்தது பழுப்பேறிப்போன பழைய கம்ப்யூட்டர். பட்டனை அழுத்தினேன். அழுத்தியதுமே படம் வந்துவிட்டது.

கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து பில் போட்டேன்.