மாலை போட்டு அனுப்பியவர்கள்

அப்பா,

இன்று காலை பதுளை பஸ் நிலைய மதிலில் இரண்டு பேர் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கோதுமை மாப் பசையின் வாடை வந்ததும் நின்றுவிட்டேன். என் பஸ் போய்விட்டது. ஒவ்வொரு தேர்தலுக்கும் நம் குசினியில் அம்மா அந்தப் பசையைக் காய்ச்சுவார். பூச்சி அரிக்காமலிருக்க அதில் விஷமான துத்தம் போடுவதால், நான் சட்டிக்குப் பக்கத்தில் போனாலே நீங்கள் குரல் கொடுப்பீர்கள். "தின்னுறாத பாப்பா, அது எதிர்க்கட்சிக்காரனுக்கு வச்சிருக்கு."

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து மாகாண அமைச்சரானவர் நீங்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தங்களுக்காகத் தோட்டத் துரையிடம் பேசப் போகிறவருக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மாலை போட்டு, தப்பு மேளமடித்து, பங்களா வாசல்வரை கூட்டிப்போவார்கள். உள்ளே போகிறவர் தனி ஆள் இல்லை என்று துரைக்குத் தெரிய வேண்டும். முதன்முதலாக உங்களை அப்படிக் கொண்டுபோனபோது துரை வாசலிலேயே நிறுத்திப் பேசினாராம். நாற்காலி போடும்வரை பேசமாட்டேன் என்று நீங்கள் படியில் உட்கார்ந்துவிட்டீர்களாம். கடைசியில் நாற்காலி வந்தது. அந்தக் கதைக்கே மலை முழுக்க உங்களுக்கு வாக்கு விழுந்தது.

பிறகு மாகாண சபை கலைந்தது. தேர்தல் வரவேயில்லை. வாகனம் போயிற்று, வீட்டு வாசலில் செருப்புகள் குறைந்தன. போன் வேலை செய்கிறதா என்று பார்க்க என்னை ஒரு அழைப்பு எடுக்கச் சொல்வீர்கள். அடுத்த அறையிலிருந்து எடுப்பேன். அதன் பின்தான் கொழும்புப் பயணங்கள் தொடங்கின. கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வதாகச் சொன்னீர்கள். நம்பினேன். உங்களிடம் ஆலோசனை கேட்காமல் யாரிடம் கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னையும் தோட்டத்துக்கு அழைத்துப்போனீர்கள். லயத்துக்கு மேலே உள்ள சரிவு முழுவதையும் தோட்டக் கம்பெனி உல்லாச விடுதிக்குக் கொடுக்கப்போகிறது என்று அங்கே பேச்சாகியிருந்தது. தோட்டத்து ஆட்களுடைய மரக்கறிப் பாத்திகள் அங்கேதான். கல்லறைகளும் அங்கேதான், உங்கள் அம்மாவுடையதும். நாம் வருவது தெரிந்து எல்லோரும் பெரட்டுக் களத்தில் கூடியிருந்தார்கள். கொழுந்து பறிக்கும் மேரியக்கா, உங்களோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர், உங்களுக்குச் செவ்வந்தி மாலை போட்டார். தப்பு முழங்கியது. நீங்கள் முன்னே நடந்தீர்கள். பெருமையோடு நானும் பின்னால் நடந்தேன்.

பங்களாவில் நாற்காலி ஏற்கனவே போட்டிருந்தது. கம்பெனி ஆட்களோடு வரிசையாக, எங்களைப் பார்த்தபடி. நீங்கள் போய் அதில் உட்கார்ந்தீர்கள். மாலை கழுத்திலேயே இருந்தது. "கம்பெனி சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க" என்று தொடங்கினீர்கள்.

தப்படிக்கிறவர் குச்சியை இடுப்பில் செருகினார். மேரியக்காதான் கேட்டார்.

"தலைவரே, நீங்க யாருக்குப் பேச வந்திருக்கீங்க?"

"ரெண்டு பக்கத்துக்குந்தான் மேரி."

"அப்ப மாலைய ரெண்டா வெட்டிக் குடுத்திருக்கலாம்" என்றார் தப்படிக்கிறவர்.

கம்பெனியின் ஆளைக் கம்பெனியின் வாசலுக்கே தப்படித்துக் கூட்டிவந்திருக்கிறார்கள். பெரட்டுக் களத்திலிருந்து பங்களாவரை அவ்வளவு தூரம் இருக்கிறது அப்பா. வழியில் எங்காவது நின்று அந்த மாலையைக் கழற்றியிருக்கலாம். இன்றுவரை என்னால் தாண்ட முடியாத இடம் அதுதான்.

திரும்பும் வழியில் வேனில் நீங்களாகவே பேசினீர்கள். "நான் இல்லாட்டி வேற ஒருத்தன் வந்திருப்பான். அவன் கல்லறையையும் சேத்துல்ல குடுத்திருப்பான். நான் அத விடச் சொல்லியிருக்கேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வருடம் முடிவதற்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

உங்கள் அம்மா பக்கத்திலேயே புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். அதைத் தோட்டத்தாரிடம் கேட்க மனசில்லாமல்தான் போனேன். மேரியக்கா என்னை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். "குழிய எங்காளுங்க வெட்டுவாங்க பாப்பா. தப்பு மட்டும் கேக்காத." உங்கள் பெட்டி சத்தமில்லாமல் மலை ஏறியது.

இப்போது பாத்திகள் இருந்த சரிவில் கம்பி வேலி. கல்லறைகளை விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த ஒன்றில் நீங்கள் பொய் சொல்லவில்லை. போன கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பும் பூசுகிற மட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். தங்கள் தங்கள் வீட்டுக் கல்லறைகளுக்கு எல்லோரும் வெள்ளை பூசியிருந்தார்கள். உங்களுடையதும் வெள்ளையாக, ஈரம் காயாமல் இருந்தது.

மேரியக்கா வேலியோரமாக வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன்னே அவரே சொன்னார்.

"எங்க வீட்டாளுக்குப் பூசினதுல மிச்சம் இருந்துச்சு. அதான்."

மன்னித்தாரா என்று கேட்கத் துணிவு வரவில்லை. நான் உங்களை மன்னித்தேனா என்பதும் தெரியவில்லை. கையிலிருந்த சுண்ணாம்பை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.