அம்மாவுக்குப் பதிலாக

அன்பு மகளுக்கு,

நீ தத்தெடுத்த பிள்ளைகள் இருவரும் நலம். கைகூப்பாமல் ஒரு வாய்கூடச் சாப்பிடுவதில்லை. இறந்தவர்கள் ஒவ்வொருவரையும் சொல்லி ஆன்ம சாந்தி வேண்டுகிறார்கள். சென்ற வாரம் அதில் நம் பூனையையும் சேர்த்தார்கள். அப்போது அது என் காலை உரசிக்கொண்டிருந்தது. மறுநாள் பால் கிண்ணத்தருகே விறைத்துக் கிடந்தது. தற்செயல் என்றுதான் நினைத்தேன். பூட்டிய கதவையே இரண்டு முறை இழுத்துப் பார்ப்பவன் நான். என் சந்தேகத்தை எப்படி நம்புவது?

நேற்று உன்னைச் சேர்த்தார்கள்.

"அம்மா உயிரோடதானேம்மா இருக்கா?" என்றேன்.

"சனிக்கிழமை வந்துருவாங்கல்ல தாத்தா? அதான் இப்பவே சொல்லிப் பழகுறோம்" என்றாள் பெரியவள்.

உனக்குப் பதிலாக என்னைச் சொல்லும்படி கெஞ்சினேன். சின்னவன் சிரித்தான். "தாத்தாவைப் பயந்தாங்கொள்ளின்னுல்ல நெனச்சோம்!"

இன்று காலைப் பிரார்த்தனையில் என் பெயர் இருந்தது, உன் பெயர் இல்லை. பெரியவள் எனக்குப் பால் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து குடிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். குடிக்காவிட்டால் மறுபடி உன்னைச் சொல்வார்கள்.

எல்லாம் என் வீண் பயமாக இருந்தால் நாளையே இன்னொரு கடிதம் எழுதுகிறேன். அதில் என் கையெழுத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு வராதே அம்மா.

உன் அப்பா