கணவாய்க்குக் கிடைத்த கண்

பாளையங்கோட்டை
10.6.2024

தம்பி மெர்வினுக்கு, கோபம் ஆறாத அக்கா எழுதுவது.

நலமா என்று கேட்கமாட்டேன். ஊரை ஒழுங்குபடுத்துகிறவனுக்கு என்ன குறை? உன் மனைவி ஸ்டெபி நலமா என்று மட்டும் எழுது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நாம் கத்துகிறோம். காகிதத்தில் நீ குறுக்கே விழ முடியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

நேற்று சபைக் கமிட்டியில் உன் கடிதத்தை வாசித்தார்கள். "என் சொந்த அக்கா என்றாலும் சொல்ல வேண்டியிருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பரிணாமம் நடத்துகிறவர் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிருஷ்டிப்பைச் சொல்லித்தரக் கூடாது." ராதாபுரத்தில் ஊழியம் செய்கிறவன் எழுதியது, அதுவும் கூடப்பிறந்தவன். கமிட்டி மறுபேச்சுப் பேசவில்லை. பத்தொன்பது வருடமாக நான் எடுத்த ஞாயிறு வகுப்பு போயிற்று.

நான் செய்த குற்றம் இதுதான். நோவாவின் பேழையில் டைனோசர் ஏறியதா என்று ஒரு சிறுமி கேட்டாள். இல்லை, மனிதர் வருவதற்குப் பல கோடி வருடம் முன்பே அது அழிந்துவிட்டது என்றேன். பிள்ளையிடம் பொய் சொல்ல எனக்கு வராது. அதற்காக நான் ஆண்டவரை விட்டுவிடவில்லை, உனக்கே தெரியும். தெரிந்தும் எழுதினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

உன் அக்கா,
தேவமணி

ராதாபுரம்
18.6.2024

என்னைத் திட்ட முழு உரிமையுள்ள அக்காவுக்கு,

ஸ்டெபி நலம். உன் கடிதத்தை வாசித்துவிட்டு, "மைனிட்ட போயி மன்னிப்பு கேட்டுட்டு வாங்க, பொறவு சோறு போடுதேன்" என்கிறாள். இரண்டு நாளாகக் கஞ்சிதான்.

உன்னை நோகடிக்க எழுதவில்லை அக்கா. என்னிடம் வரும் வாலிபர்கள், "எல்லாம் தானா வந்துச்சுன்னா நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு உன் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை.

கண்ணையே எடுத்துக்கொள். லென்ஸ், திரை, நரம்பு எல்லாம் சேர்ந்திருந்தால்தான் பார்வை. ஒன்று குறைந்தாலும் பயனில்லை. இப்படியொரு கருவி தானாக வருமா? யாரோ திட்டம்போட்டுச் செய்தார் என்பதுதானே நியாயம்? ஜூலை ஏழாம் தேதி நாங்குநேரி பக்கம் கன்வென்ஷன் கூட்டத்தில் இதைத்தான் பிரசங்கிக்கப்போகிறேன். தலைப்பு, ‘குறையற்ற கண்’. நோட்டீஸ் அடித்தாயிற்று.

எழுதும்போது காகிதத்தின் மேல் கொசு பறக்கிறது. விரட்டினாலும் போகவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் போல.

மெர்வின்

பாளையங்கோட்டை
23.6.2024

கஞ்சி குடிக்கும் பிரசங்கியாருக்கு,

கூடங்குளம் பக்கத்துக் கணவாய் மீன் சந்தைக்கு வந்திருந்தது, வாங்கினேன். டீச்சர் புத்தி விடுமா? குழம்பு வைக்கும் முன் கண்ணை அறுத்துப் பார்த்தேன். கேள். நம் கண்ணில், வெளிச்சத்தை வாங்கும் செல்களுக்கு முன்னால் நரம்புகள் ஓடுகின்றன. மூளைக்குப் போவதற்கு அவை திரையிலேயே ஓட்டை போட்டு வெளியேறுகின்றன. அந்த இடத்தில் நமக்குப் பார்வை கிடையாது. கணவாய்க்கு நரம்பு பின்னால் ஓடுகிறது, ஓட்டையும் இல்லை. திட்டம்போட்டுச் செய்தவர் கணவாய்க்குக் காட்டிய கரிசனத்தை உனக்கும் எனக்கும் காட்டாதது ஏன்?

ஒன்று குறைந்தால் பயனில்லை என்கிறாய். தாமிரபரணி வாய்க்காலில் கல்லுக்கு அடியில் கிடக்கும் தட்டைப்புழுவுக்கு லென்ஸே இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டு அது நன்றாகத்தான் பிழைக்கிறது. கண் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கலாம் என்பதற்கு அது போதாதா?

சண்டை இருக்கட்டும். விரட்டினாலும் போகாத கொசு கண்ணுக்குள் இருக்கிறது. கண்ணாடிக் கடைக்குப் போகாதே, டாக்டரிடம் போ. இதை டீச்சராகச் சொல்லவில்லை.

தேவமணி

பாளையங்கோட்டை
4.7.2024

மெர்வின்,

இதை விஜயஸ்ரீ டீச்சரிடம் கொடுத்தனுப்புகிறேன். ராதாபுரத்திலிருந்து எங்கள் பள்ளிக்குத் தினமும் வருகிறவள், சாயங்காலம் உன் கையில் தருவாள். என் போனைத்தான் நீ எடுக்கமாட்டாயே.

ஸ்டெபி அழுதுகொண்டே பேசினாள். உன் வலது கண்ணில் நேற்றிலிருந்து ஓரமாகக் கறுப்புத்திரை இறங்குகிறதாம். "கண்ணப் பத்திப் பேசப்போறவன் கண்ணாஸ்பத்திரில கெடந்தா ஊரு சிரிக்கும்லா. அக்கா வேற ஜெயிச்சிருவா" என்று சொல்லி, கன்வென்ஷன் முடியும்வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாதென்று அவளைத் தடுத்திருக்கிறாய்.

ஏலே, எனக்கு ஜெயிக்க வேண்டாம். நீயே ஜெயித்துக்கொள். விழித்திரை பிரிகிறது. நடுப்பகுதியும் பிரிந்துவிட்டால் போன பார்வை முழுதாகத் திரும்பாது. நாளைக் காலை ஏழு மணிக்குக் காரோடு உன் வாசலில் நிற்பேன். சட்டை போட்டுக்கொண்டு தயாராக நில்.

அக்கா

ராதாபுரம்
25.8.2024

என் அக்காவுக்கு, பெரிய பெரிய எழுத்தில் தம்பி எழுதுவது.

முக்கால்வாசிப் பார்வை வந்துவிட்டது. ஒரு மாதம் உன் வீட்டில் கிடந்துவிட்டு நன்றி சொல்லாமல் பஸ் ஏறினேன். சொல்ல வாயெடுத்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

ஆபரேஷன் செய்து, பிரிந்த திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு அடைத்து, ஏழு நாள் குப்புறப் படுக்க வைத்தார்களே. மேடையில் நின்றே பழகியவன் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நீ லீவு போட்டு, ஸ்ட்ரா வைத்து ரசம் கொடுத்தாய். "பொழுதே போகலக்கா, ஒம் பத்தாங் கிளாஸ் புத்தகத்தையாவது வாசி" என்றேன். ஒவ்வொரு பாடமாக வாசித்துக்கொண்டு வந்தாய். பரிணாமம் என்ற தலைப்பை வாசித்ததும் நிறுத்தி, பக்கங்களைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனாய். படுத்துக்கிடக்கிறவனை மடக்கக் கூடாதென்று நினைத்தாய் அல்லவா? அன்றைக்குத் தலையணை நனைந்திருந்தது. வியர்வை என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

இந்தத் திரை பின்சுவரோடு இறுக ஒட்டியிருப்பதில்லை, கருவில் கண் உருவாகும் விதமே அப்படி என்று டாக்டர் விளக்கினார். நீ பக்கத்தில்தான் நின்றாய். கணவாயைப் பேச்சில் இழுக்கவில்லை.

என் நம்பிக்கை மாறவில்லை அக்கா. கண்ணை உண்டாக்கியவர் உண்டு. ஆனால் அவர் எப்படி உண்டாக்கினார் என்பதைக் கூட இருந்து பார்த்தவனைப்போல் பேசினேன். கன்வென்ஷன் பேச்சைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கமிட்டிக்கு எழுதியதைக் கிழிக்க முடியவில்லையே, அது அவர்கள் பைலில் அல்லவா இருக்கிறது.

மெர்வின்

பாளையங்கோட்டை
2.9.2024

ஏலே மெர்வின்,

நேற்று ஆராதனையில் போதகர் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை வாசித்துக்கொண்டு வந்தார். பேரன் பிறந்ததற்காக, வேலை கிடைத்ததற்காக, வீட்டுக்குத் தளம் போட்டதற்காக. பிறகு ஒரு கவரை எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

"ராதாபுரம் மெர்வின். என் வலது கண்ணுக்காக. அதைக் காப்பாற்றிய என் அக்கா தேவமணி டீச்சருக்காக. அவளைப் பற்றி நான் இந்தச் சபைக்கு எழுதியது தவறு, அதை ஆண்டவர் மன்னித்ததற்காக."

பெண்கள் பக்கம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். இப்போது எழுதும்போதும் கண் கலங்குகிறது. நீ எனக்கு நன்றி சொல்ல ஒன்றுமில்லை. தனியாகக் கெஞ்சாமல் சபை நடுவே சொன்னாயே, அதற்கு நான்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வகுப்பு திரும்பக் கிடைக்குமா, தெரியாது. "அடுத்த மாசம் பாப்போம் டீச்சர்" என்றார் கமிட்டிச் செயலாளர். கிடைத்தாலும் அந்தச் சிறுமிக்கு அதே பதில்தான் சொல்வேன், இப்போதே தெரிந்துகொள்.

ஆண்டவர் உன்னை மன்னித்தது உனக்கு எப்படித் தெரியும், ஆதாரம் எங்கே என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். கேட்கப் பிடிக்கவில்லை. நான் மன்னித்துவிட்டேன். அதற்கு ஆதாரம் வேண்டுமானால் சனிக்கிழமை ஸ்டெபியோடு சாப்பிட வா.

உன் அக்கா,
தேவமணி