மிருகக்காட்சிச்சாலையில் என்னைப் பார்த்தார்கள்

11-8-67, வெள்ளி
கொழும்பு. ஒரே வெக்கை. வெள்ளவத்தையில் அண்ணை வீடு. எங்கள் புங்குடுதீவில் காற்றாவது இருக்கும். நாளைக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறாராம். காலிமுகத்திடல், நூதனசாலை, பின்னேரம் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. அங்கே யானை ஆடுமாம். சந்தோஷம்.

மச்சாள், அண்ணையின் மனைவி, எனக்குப் பட்டுச் சேலை எடுத்து வைத்திருக்கிறா. "மிருகம் பாக்க உது என்னத்துக்கு?" "கொழும்பில உப்பிடித்தான் உடுக்கிறது." விசர்க் கதை, பைத்தியக்காரத்தனம்.

12, சனி
இரட்டைத்தட்டு பஸ். மேல்தட்டு, முன் இருக்கை. நூதனசாலையில் கண்டி ராசாவின் சிம்மாசனம். இருக்க வசதியாய்த் தெரியவில்லை.

பின்னேரம் மிருகக்காட்சிச்சாலை. கரடிக் கூண்டடியில் ஒரு தாயும் மகனும். "அட, நீங்களோ" என்று அண்ணை அதிசயப்பட்டார். நடிக்கத் தெரியாத மனிசன். அப்போதுதான் விளங்கியது, பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். ஊரில் என்றால் கோயில் வீதியில் வைத்துக் காட்டுவார்கள். பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது. எனக்கும்தான். இரண்டு தரம் அப்படி என்னைக் காட்டியதைப் பிறகு பிறத்தியார் சொல்லி அறிந்தேன்.

தாய்: "பிள்ளை, அந்தக் குரங்குக் கூண்டடி வரைக்கும் ஒருக்கா நடந்துபோட்டு வாரும்."

நொண்டியோ என்று பார்க்க. நடந்தேன். திரும்பி வந்து மகனிடம் சொன்னேன்: "இப்ப நீங்கள் ஒருக்கா நடந்து காட்டுங்கோ."

மச்சாள் கையைக் கிள்ளினா. அவர் நடக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. தாயின் முகத்தைப் பார்த்தார். முப்பது வயது மனிசன். பாவமாயும் இருந்தது, எரிச்சலாயும் இருந்தது.

யானை ஆட்டம் பார்க்காமலே திரும்பினோம். அதற்குத்தான் கூடுதல் கோபம்.

13, ஞாயிறு
தூறல். கிள்ளின இடம் கன்றிப் போயிருக்கிறது. மச்சாளின் மீன் பொரியல் நல்லது, அதையும் சொல்லவேண்டும்.

பின்னேரம் செய்தி. அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். "வாய்தான் கொஞ்சம் கூடுதல், கலியாணம் முடிய அடங்கிப்போம்" என்றாவாம் தாய்.

"எனக்குப் பிடிக்கேல்லை. சொல்லிவிடுங்கோ."

அண்ணை: "பொம்பிளைப் பகுதி அப்பிடிச் சொல்லுறேல்லை."

"அப்ப நானே போய்ச் சொல்லுறன். அவையின்ரை வீடு எங்கை?"

அண்ணை சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். சொல்லிவிட்டுத்தான் வந்தார். 

16, புதன்
புங்குடுதீவு. நல்ல காற்று. எனக்கு முந்தியே அம்மாவுக்கு அண்ணையின் தந்தி வந்துவிட்டது.

"இனி உன்னை ஆர் பாக்க வருவினம்?"

"வரட்டும். நானும் பாப்பன்."

அம்மா குசினிப் பக்கம் வரவில்லை. மீன்குழம்பு நான்தான் வைத்தேன். உறைப்புக் கூடுதல். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.