மேகமில்லாமல் வரும் தண்ணீர்

குரங்கணி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பொன்னுமணிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க மாரியாத்தா துணை நிற்கட்டும். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் எழுதி, பக்கத்து வீட்டு இனியவனைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

எஸ்டேட் பவர்ஹவுஸில் எனக்கு என்ன வேலை என்று மாப்பிள்ளை கேட்டாராம். ஓடைத் தண்ணீரைப் பகலெல்லாம் மேலே குளத்தில் தேக்குகிறோம், சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வால்வைத் திறந்தால் அது குழாய் வழியே முந்நூறு அடி இறங்கி டர்பைனைச் சுற்றும், டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றும், கரண்டு வந்துவிடும். கரி வேண்டாம், புகை கிடையாது, ஊரெல்லாம் விளக்குப் போடுகிற நேரத்துக்குக் கிடைக்கிறது, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரும் இதில்தான் ஓடுகிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் பகலில் ஓடை வறண்டு மீன் செத்துக் கிடக்கும், ஆறு மணிக்கு டர்பைனைச் சுற்றிய தண்ணீர் மறுபடி ஓடையில் விழுந்து, வானத்தில் ஒரு மேகமும் இல்லாமல் இடுப்பளவு பாய்ந்து வரும். எச்சரிக்கைச் சைரன் கெட்டு மூன்று வருடமாகிறது, இன்று வரும் நாளை வரும் என்கிறார்கள்.

உன் அம்மா ஏலக்காய் பறித்துவிட்டு ஐந்து பெண்களோடு அந்த ஓடையில் இறங்கித்தான் வீட்டுக்கு வருகிறாள். பாலம் என்றால் ஒரு மைல் சுற்று. நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டே இருந்து, அவள் கரையேறிய பிறகுதான் வால்வில் கை வைப்பேன், சில நாள் ஆறரைகூட ஆகும். மூன்று வருடமாக அவளிடம் இதைச் சொன்னதேயில்லை, அதுதான் ஆத்தா நான் செய்த பெரிய தப்பு. இப்போது தாமதத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை முதல் மதுரை ஆபீஸில் இருந்தே பட்டனை அமுக்கித் திறப்பார்களாம், எனக்குப் போடி ஆபீஸில் கேட் காவல். நேற்று எல்லாவற்றையும் சொல்லி, இனிமேல் பாலத்தில் வா என்று கெஞ்சினேன். மேகத்தப் பாத்துத்தான் கால வைக்கிறேன், மூணு வருசத்துல என்னைக்காச்சும் தண்ணி என்னையத் தொட்டிருக்கா, வேலைய மாத்துன கோவத்துல பேசாம சோலியப் பாருங்க என்று சிரிக்கிறாள். அவளை நம்பித்தான் மற்ற ஐந்து பேரும் இறங்குகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, சோறு இறங்கவில்லை.

நீ சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கூப்பிட்டு, பாலத்தில்தான் வருவேன் என்று உன் தலைமேல் சத்தியம் வாங்கிவிடு, மறந்துவிடாதே. வெயிலில் அலையாதே, நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை ஆறு மணிக்கு நான் போடியில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மதுரையில் பட்டனை அமுக்குகிறவருக்கு உன் அம்மாவைத் தெரியாது.

உன் அப்பா
தவசி